காது வைத்த இயந்திரம்

லிபோவாட்ஸ்,
3 செப்டம்பர் 2011

மச்சான் திஹோமிருக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அக்கா தெசான்கா ஊர் முழுக்கச் சொல்லி, எப்படியும் அது நோவி சாத் வரைக்கும் வந்து உன் காதில் விழும். என் முன்பல் போய்விட்டது. சண்டை போட்டு இல்லை, குடித்துவிட்டு விழுந்தும் இல்லை. நம் வீட்டு உலர்ந்த பிளம் பழத்தைக் கடித்துத்தான். நானே பறித்தது, நானே உலர்த்தியது, நானே கொட்டை நீக்கியது. வால்யெவோ சந்தையில் ஒரு அம்மாவிடம், "கொட்டைங்கிற பேச்சுக்கே இடமில்ல, கண்ணை மூடிட்டுக் கடிக்கலாம்" என்று சொல்லி, நானே கண்ணை மூடிக் கடித்துக் காட்டினேன். அந்த அம்மா இரண்டு கிலோ வாங்குவதாக இருந்தாள். பழத்தோடு பல்லும் வெளியே வந்ததைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.

இப்போது பேசினால் நடுநடுவே சீட்டி வருகிறது. நாய் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடி வருகிறது. வந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது.

சிரித்தாயா? சிரித்திருந்தால் மீதியையும் படிப்பாய். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கிராமத்துப் பள்ளியில் நாலு வருஷம் பெஞ்சு தேய்த்தவன் நான், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் அக்காவிடம் மின்சார ஆபீஸுக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "அவ்வளவு பெரிய புகாரா?" என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இயந்திரம் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். மோட்டார் மேல் கோழி ஒன்று முட்டையிட்டிருந்தது. அதை மட்டும் எடுத்துப் பொரித்துச் சாப்பிட்டோம், வேறு எதையும் தொடவில்லை.

போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூட்டுறவுக் கிடங்குக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பச்சை வண்ணம், பளபளவென்று இருக்கிறது. பழம் தகட்டில் விழுகிறது, உள்ளே கொட்டை தங்கியிருந்தால் டிக் என்று சத்தம், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காற்று புஸ்ஸென்று அடித்து அந்தப் பழத்தை ஒதுக்கிவிடுகிறது. அப்படியே உன்னுடையதுதான். அதே காது. நான் அங்கே நின்ற பெண்ணிடம், "இது எங்க மச்சான் கண்டுபிடிச்சதும்மா" என்றேன். அவள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க மச்சான் பேரு எந்தப் பக்கம் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். நல்ல பெண்தான். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வேறு விசேஷமில்லை. பழம் இந்த வருஷம் நிறைய.

உன் அத்தான்
ராதிசாவ்


நோவி சாத்,
15 செப்டம்பர் 2011

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பல் மருத்துவரிடம் போங்கள். இடுக்கியை எடுத்துக்கொண்டு நீங்களே ஏதாவது செய்யாதீர்கள்.

தார்ப்பாய்க்குள் ஈரம் தங்கும், எடுத்துவிடுங்கள். வேண்டாம், அதை இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள். அதை எதற்காகப் பாதுகாக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது அது யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய ஒரு பொருள். பச்சை வண்ணம் அடிப்பவர்கள் திருடவில்லை, சட்டப்படிதான் செய்கிறார்கள். சட்டம் தெளிவானது. ஒரு பொருளைப் பற்றிக் காப்புரிமை விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஊர் அதைப் பார்த்துவிட்டால், அது புதிது இல்லை. புதிதாக இல்லாதது கண்டுபிடிப்பு இல்லை. அதைச் செய்தவன் எத்தனை வருடம் அதோடு படுத்து எழுந்தான் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

2005 நவம்பரில் உங்கள் வீட்டுத் திருநாளில் ஊர் அதைப் பார்த்தது. ஜனவரியில்தான் நான் விண்ணப்பம் போட்டேன். வரைபடத்தில் கோடுகள் இன்னும் சுத்தமாக வரட்டும் என்று காத்திருந்தேன். அது என் தவறு, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து அந்தப் பச்சை இயந்திரக் கம்பெனி என் காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி வந்தபோது, நமக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. அன்று வந்தவர்கள் எல்லாம் அழைக்கப்பட்ட குடும்பத்தினர், வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டோம் என்று சொன்னால் போதும். பெல்கிரேடில் காப்புரிமை அலுவலக விசாரணைக்கு உங்களை வரவழைத்தது அதற்காகத்தான். உங்களிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள். "ஆமாம்." அவ்வளவுதான்.

வாழ்நாள் முழுக்க யார் நிறுத்தச் சொல்லியும் நீங்கள் பேச்சை நிறுத்தியதில்லை. ஒருவேளை அதனால்தான் ஒரு வார்த்தையோடு நிறுத்தத் தெரியவில்லை.

காப்புரிமை வந்த வருடம் தொழிற்பள்ளி வேலையை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இங்கே அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறேன். நல்ல வேலைதான். வெளியே வந்ததும் யாரும் என்னோடு பேச்சுக் கொடுப்பதில்லை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மின்சார ஆபீஸ் பதில் போட்டுவிட்டது என்றும் சொல்லலாம்.

திஹோமிர்


லிபோவாட்ஸ்,
24 செப்டம்பர் 2011

மச்சான்,

பதில் போட்டாயே, அதுவே பெரிய காரியம். நன்றாக அடித்திருக்கிறாய். அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ அந்த அறைக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

நம் வக்கீல் போன் போட்டு, "பெரியவரே, எது கேட்டாலும் 'ஆமா, அழைச்சிருந்தோம்'னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லியிருந்தார். சரி என்றேன். பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். "ஆமா. ஆமா. ஆமா." பக்கத்து சீட்டுக்காரர் தன் குடலிறக்க ஆபரேஷன் கதையைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பெல்கிரேடு வரைக்கும் விடவில்லை. இறங்கும்போது சட்டையைத் தூக்கித் தையலையும் காட்டினார். அதற்கும் ஆமா என்றேன். அந்த அளவுக்குத் தயாராகத்தான் வந்தேன்.

உன்னை உள்ளே கூப்பிட்டு விசாரித்தபோது என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீலம்மாவைப் பார்த்தால் வக்கீல் மாதிரியே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றாள், வெயிலில் வந்தீர்களா என்றாள். பிறகுதான் கேட்டாள்.

"ஐயா, அன்னைக்கு உங்க வீட்டு விருந்துக்கு வந்தாரே மீசை வச்சவர், எங்க கம்பெனிக்காரர், அவரை நீங்க அழைச்சிருந்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். ஆமா என்று சொல்லத்தான் திறந்தேன். சத்தியம்.

ஆனால் அவள் கேட்டது என்ன என்று யோசித்துப் பார். நம் குலத்துத் திருநாளுக்கு, ஸ்லாவாவுக்கு, ஆளைக் கூப்பிட்டாயா என்று கேட்டாள். எங்கப்பா செத்த வருஷத்தில்கூட, வீட்டில் ஒரே ஒரு பன்றி இருந்த வருஷத்தில்கூட, எங்கள் குலத்துத் தேவதூதர் நாளில் காலையில் திறந்த கதவை இரவு வரை சாத்தியதில்லை. கூப்பிட்டு வருவதற்கு அது என்ன பிறந்தநாளா? என் வாய் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

"என்னம்மா பேசறீங்க? ஸ்லாவாவுக்கு யாராவது ஆளைக் கூப்பிடுவாங்களா? கூப்பிட்டு வந்தா அது ஸ்லாவாவா, கடை திறப்பு விழாவா? யார் வந்தாலும் நாற்காலி, யார் வந்தாலும் சோறு. ஏன் வந்தேன்னுகூடக் கேக்க மாட்டோம்."

"அப்போ வழியோட போற யார் வேணும்னாலும் உள்ளே வந்து அந்த மெஷினைப் பார்த்திருக்கலாம், இல்லீங்களா?"

"பார்த்திருக்கலாமாவா? பார்த்தாங்களே! ரோட்டுல கேபிள் புதைக்கத் தோண்டிக்கிட்டிருந்த பசங்ககூட மண்வெட்டியைச் சாத்தி வச்சுட்டு வந்து சாப்பிட்டுப் போனாங்க."

"ரொம்ப நன்றிங்க ஐயா."

எவ்வளவு மரியாதையாக நன்றி சொன்னாள் தெரியுமா. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன், மச்சான். நம்மைக் கேவலப்படுத்த வந்தவளுக்கு நம் வீடு எப்படிப்பட்ட வீடு என்று காட்டிவிட்டேன் என்று நினைத்தேன். வராந்தாவில் உன் தோளைத் தட்டி, "நல்லா குடுத்தேன் பாரு அவளுக்கு" என்று சொன்னேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அந்த வாக்கியம் தினமும் மாட்டுக்குத் தீவனம் போடும்போது வருகிறது.

இப்போது மாடு என்னைப் பார்த்தால் அதனிடம் சும்மா "ஆமா" என்று சொல்லிப் பார்க்கிறேன். சுலபமாகத்தான் வருகிறது. அன்றைக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மீசைக்காரன் இந்த வருஷமும் வாசலில் வந்து நின்றால் நான் நாற்காலி போட்டுத்தான் ஆக வேண்டும். பன்றிக்கறியில் ஓரத்துத் துண்டாகப் பார்த்து வைப்பேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

பல் கட்டப் போனேன். டாக்டர் அச்செடுத்திருக்கிறார். வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னார். "இந்த ஒரு விஷயத்துல நீங்க ரொம்ப நல்ல நோயாளி" என்றார்.

ராதிசாவ்


நோவி சாத்,
10 அக்டோபர் 2011

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கி நிறுத்தினேன்.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் உள்ளே என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் சொன்னேன்: வந்தவர்கள் எல்லாரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள். இயந்திரம் துணி போட்டு மூடியிருந்தது. குடும்பத்தினர் இரண்டு பேருக்கு மட்டும் ரகசியமாகக் காட்டினேன். குரல் நடுங்காமல் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று அதிகாரிகளும் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் வயதானவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் வரைபடங்களை அவர் முழுக்கப் படித்திருந்தார், அதைப் பற்றி நல்லதாக இரண்டு கேள்விகூடக் கேட்டார். என் வாழ்நாளில் என் வேலையைப் புரிந்துகொண்டு என்னிடம் கேள்வி கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கேபிள் தோண்டிய பையன்கள் வரை வந்தார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். அந்த வயதானவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நீங்கள் என் காப்புரிமையைக் கெடுத்ததற்காக நான் பேசாமல் இருக்கிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையில் நீங்கள் என்னைப் பொய்யன் என்று காட்டிவிட்டீர்கள், அதுவும் தெரியாமலே. தெரிந்து செய்திருந்தால் உங்களோடு ஒருமுறை சண்டை போட்டு முடித்திருப்பேன்.

இன்னொன்று. அன்று திருநாளில் இயந்திரத்தை யார் ஓட்டிக் காட்டியது என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எல்லாரையும் கொட்டகைக்குக் கூட்டி வந்தீர்கள், அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டது நான். உங்கள் பக்கத்து வீட்டு வுகோமான், "இது வேலை செய்யாது, வாத்தியார் செஞ்ச மெஷின் பாடம்தான் நடத்தும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தார்ப்பாயை இழுத்தேன். முதல் பழம் விழுந்தது, டிக் என்றது, காற்று அடித்தது, பழம் பறந்து போய் வுகோமானின் கோப்பைக்குள் விழுந்தது. கொட்டகையே கை தட்டியது. அக்கா கண்ணைத் துடைத்தாள். அந்த மீசைக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார்.

பிறகு இரண்டு கண்காட்சிகளுக்குப் போனேன். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஒன்றில் காலுறையைத் தேடித் தரும் கருவி செய்தவருக்கும் கொடுத்தார்கள், தேனீப் பெட்டிக்கு மணி கட்டியவருக்கும் கொடுத்தார்கள். மண்டபத்தில் பதக்கம் வாங்காதவர் தேநீர் கொடுத்த பெண் மட்டும்தான். கை தட்டல் என்றால் எனக்கு அந்தக் கொட்டகைதான். அதே கை தட்டல்தான் எல்லாவற்றையும் முடித்தது.

இங்கே லிஃப்ட் கதவுக்காக ஒரு சின்னப் பொருள் செய்திருக்கிறேன். என்னவென்று எழுத மாட்டேன். திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் வேலை செய்கிறேன். எதிர் வீட்டுப் பாட்டி ஜன்னலைத் துடைத்தால்கூட விளக்கை அணைத்துவிடுகிறேன். அது நன்றாக வேலை செய்கிறது. அதைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதில்லை.

திஹோமிர்


லிபோவாட்ஸ்,
20 அக்டோபர் 2011

மச்சான்,

இந்தத் தடவை கிண்டல் வரவில்லை. உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

எனக்குத் தெரியாது. நீ உள்ளே அப்படிச் சொல்லியிருந்தாய் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நாலு நாளாக யோசிக்கிறேன். கதவு சாத்தியிருந்தது என்று சொல்லியிருப்பேன். எங்கப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்தாலும் சொல்லியிருப்பேன். இப்போது இப்படி எழுதுவது சுலபம்தான், அதுவும் தெரிகிறது.

உன் அக்கா கடிதங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். மின்சார ஆபீஸிலிருந்து இவ்வளவு கனமாகப் பதில் வருமா என்று சந்தேகப்பட்டிருக்கிறாள். நீ போட்ட இரண்டையும் அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். ஊறுகாய் மிளகாய் கருகிப் போனது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு பேருமே முட்டாளுங்க" என்றாள். "ஒருத்தன் பொய் சொல்லத் தெரியாம கெடுத்தான், ஒருத்தன் பொய் சொல்லிக் கெட்டான். நடுவுல என் தம்பி முகத்தைப் பார்த்து ஒன்றரை வருஷமாச்சு எனக்கு."

"நான் என்னடி பண்ணட்டும்?"

"ஸ்லாவாவுக்கு வரச் சொல்லுங்க."

"ஸ்லாவாவுக்கு யாரையாவது வரச் சொல்றதுண்டா? நீயே இப்படிப் பேசினா எப்படி?"

கையில் இருந்த கரண்டியை என் மேல் எறிந்தாள். பிறகு அவளே எடுத்துக் கழுவினாள். அவளும் இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது, வழக்கம் அவளுக்கும் தெரியும். கூப்பிட்டுவிட்டால் அது கூப்பிட்டதாகிவிடும். கூப்பிட்டு வந்தவன் விருந்தாளி. நீ விருந்தாளி இல்லை.

ஆகவே நான் உன்னைக் கூப்பிடவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள், கூப்பிடவே இல்லை. சும்மா செய்திக்காக எழுதுகிறேன்: தேவதூதர் நாள் நவம்பர் இருபத்தொன்று, இந்த வருஷம் திங்கட்கிழமை. வால்யெவோவிலிருந்து நம்மூர் பஸ் இப்போது பாலத்துப் பக்கம் நிற்பதில்லை, ஆலைக்கு எதிரே நிற்கிறது. உன் அக்கா முட்டைக்கோஸ் இலையைப் பீப்பாயில் ஊறப்போட்டுவிட்டாள், அதில் கறியைச் சுருட்டிச் செய்யும் சார்மாவில் புகையிட்ட விலாக்கறி வைக்கப் போகிறாள். யாருக்குப் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிடிக்காது.

இதெல்லாம் செய்திதான். ரேடியோவில் வானிலை சொல்வதில்லையா, அது மாதிரி.

ராதிசாவ்


நோவி சாத்,
4 நவம்பர் 2011

அத்தானுக்கு,

செய்தி கிடைத்தது.

இருபத்தொன்றாம் தேதி எனக்கு வேலை நாள். திங்கட்கிழமைகளில்தான் லிஃப்டுகள் அதிகம் நிற்கும். சனி ஞாயிறு ஊருக்குப் போனவர்கள் மூட்டைகளோடு திரும்புவார்கள்.

அதோடு, வந்தால் யாராவது கேட்பார்கள். இயந்திரம் என்ன ஆயிற்று, பெல்கிரேடில் என்ன சொன்னார்கள் என்று ராக்கியாச் சாராயம் உள்ளே போனதும் கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்த அறையில் நான் சொன்னதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்ல இனி என்னால் முடியாது. பள்ளியில் என்னிடம் படித்த பையன்கள் இரண்டு மூன்று பேர் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் வருவார்கள், கதவு திறந்துதானே இருக்கும்.

அக்காவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விலாக்கறியை அதிகம் உப்புப் போட்டு வைக்க வேண்டாம், உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

ஒருவேளை, நான் சொல்வது ஒருவேளைதான், யாராவது வந்து கேட்டால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டாதீர்கள்.

திஹோமிர்


லிபோவாட்ஸ்,
29 நவம்பர் 2011

மச்சான்,

நீ வந்தாய். இதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, எழுதிவிட்டேன்.

நாலு மணி வாக்கில் வந்தாய். முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்த நேரம். நான் அப்போது கையில் சூப்புச் சட்டியோடு வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். உன் அக்கா ஒரு சத்தம் போட்டாள், அதற்குப் பெயர் தெரியாது. திரும்பினால் நீ. இளைத்திருக்கிறாய். மெழுகுவர்த்திக்கு முன் சிலுவை போட்டுவிட்டு, "இந்த வீட்டுக்குத் திருநாள் வாழ்த்துகள்" என்று வேற்று மனிதன் மாதிரி சொன்னாய். நானும் வேற்று மனிதனுக்குச் சொல்வது போல "வாங்க, உக்காருங்க" என்றேன். வாங்க என்று உன்னை நான் இதுவரை சொன்னதே இல்லை. வாயில் அப்படித்தான் வந்தது, சட்டி வேறு கையில் சுட்டது.

உனக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே பரிமாற வேண்டும். பாதிரியாருக்கும் வுகோமானுக்கும் நடுவில் உனக்கு இடம் கிடைத்தது. நான் உன் பின்னால் எத்தனை தடவை வந்து போனேன் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லலாம் என்றுதான் வந்தேன். கையில் ஊற்றும் பாத்திரம் இருந்தால் மனுஷனுக்கு ஊற்றத்தான் வருகிறது. உனக்கு மூன்று தடவை சூப்பு ஊற்றிவிட்டேன். நீயும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தாய்.

அந்த மீசைக்காரன் வரவில்லை. நான் ஒரு நாற்காலியைத் தனியாக எடுத்துத்தான் வைத்திருந்தேன், மறைக்கவில்லை.

பிறகு நீ பயந்தபடியே வுகோமான் ஆரம்பித்தான். "என்ன வாத்தியாரே, அந்தக் காது வச்ச மெஷின் எங்கே? வா, போட்டுக் காட்டு. இந்தத் தடவை கோப்பையைக் கையால மூடிக்கிறேன்." மேசையே உன் பக்கம் திரும்பியது. உன்னிடம் படித்த பையன் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான், பார்க்கலாம் என்று. நீ கரண்டியைக் கீழே வைத்தாய். உன் முகம் பெல்கிரேடு வராந்தாவில் இருந்த மாதிரி ஆனது. அன்று எனக்கு அந்த முகம் புரியவில்லை. இப்போது புரிந்தது.

"மெஷினா? வித்தாச்சு" என்றேன் நான்.

யோசிக்கவே இல்லை. சீட்டி கூட வரவில்லை, புதுப் பல் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. "போன மாசமே வித்தாச்சு. ஹங்கேரிக்காரன் ஒருத்தன் லாரி கொண்டு வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டான். நல்ல விலை."

எங்கப்பா படத்துக்குக் கீழே நின்று, தேவதூதர் மெழுகுவர்த்தி எரியும்போது, என் வீட்டு விருந்தாளியிடம் சொன்னேன். அவ்வளவு சுத்தமாக வந்தது, மச்சான். பெல்கிரேடில் எனக்கு இதில் பாதி வந்திருந்தால் போதும்.

"ஹங்கேரிக்காரனா? இப்பத்தான் ஒண்ணுக்குப் போற வழியில கொட்டகையில பார்த்துட்டு வர்றேன், அங்கேதானே நிக்குது" என்றான் வுகோமான்.

யாரும் சிரிக்கவில்லை. வுகோமானுக்கே ஏதோ புரிந்து, சார்மாவைப் பார்த்துக்கொண்டான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமா, சிரிப்பா, என்ன அது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அக்காவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை, ஆனால் தெரியும் என்கிறாள். எழுந்தாய், அவள் கன்னத்தில் மூன்று தடவை முத்தம் கொடுத்தாய், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய். என் பக்கத்தில் வந்தபோது என் இரண்டு கையிலும் தட்டு. நீ என் முழங்கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாய். பிறகு உள்ளறையில் கட்டில் மேல் குவிந்திருந்த கோட்டுகளில் ஒன்றை இழுத்துக் கையில் போட்டுக்கொண்டு இருட்டில் போய்விட்டாய்.

அது நடந்த அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை. நீ சொல்லும் வரை இரும்புக் கடைக்குப் போட மாட்டேன். நீ சொன்னாலும் போடுவேனா தெரியாது. அந்தப் பச்சை மெஷின் நன்றாக ஓடுகிறதாம், ஊரில் எல்லாரும் அங்கேதான் பழம் கொண்டு போகிறார்கள். நானும் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க மச்சான் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். நல்லா இருக்கான் என்றேன். அது பொய்யா இல்லையா என்று நீதான் எழுத வேண்டும்.

மற்றபடி ஒரு சின்ன விஷயம். நீ எடுத்துக்கொண்டு போனது பாதிரியாரின் கோட்டு. உள்பையில் பார், கோயில் சாவி இருக்கும். இன்னொரு சாவி உண்டு, அது கோயிலுக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை வெளியே முற்றத்தில் நடந்தது. பாதிரியார் குளிருக்கு உன் கோட்டைப் போட்டிருந்தார், அதன் கை அவருக்கு முழங்கை வரைக்கும்தான் வந்தது. ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கியபோது மேல் பொத்தான் தெறித்துத் தூபக் கலசத்துக்குள் விழுந்தது. பிளாஸ்டிக் பொத்தான். அதன் பிறகு தூபம் வேறு வாசனை வந்தது. பூசை சீக்கிரம் முடிந்தது.

ராதிசாவ்